கட்டை வரணும்

ஹாரன் அடிச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல சார். கட்டை வரணும். கட்டை வந்தாத்தான் சங்கிலிய அவுப்பேன். நீங்க மந்திரியா இருந்தாலும் அதுதான், மாட்டு வண்டியா இருந்தாலும் அதுதான். எஞ்சின நிறுத்திட்டு இறங்கி வாங்க. வண்டிய அந்தப் புங்கமரத்துக்குக் கீழ விடுங்க. வெயில்ல நின்னா சீட்டு கொதிச்சுப் போயிடும்.

வெளியூரா? அதான். இந்தப் பக்கத்து ஆளுங்க ஹாரன் அடிக்க மாட்டாங்க. வந்து நிப்பாங்க, ஒரு பீடி பத்த வைப்பாங்க.

கட்டைன்னா ஒரு முழ நீளத்துக்குத் தேக்குக் கட்டை. பாதி சிவப்பு, பாதி வெள்ளை. ரெண்டு முனையிலயும் பித்தளைப் பூண். பாலம் அகலம் பன்னெண்டே அடி. நடுப்பாலத்துல ரெண்டு வண்டி எதிரும் புதிருமா மாட்டிக்கிட்டா ஒருத்தன் கால் மைல் பின்னாலேயே வரணும். அதுக்குத்தான் கட்டை. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அது எந்தக் கரையில இருக்கோ அந்தக் கரை வண்டிதான் ஏறலாம். கடைசியா ஏறுற வண்டிக்காரன் கையில கட்டையைக் குடுத்து விடுவோம். அவன் கொண்டுபோய் எதிர்க்கரையில குடுப்பான். அதுக்கப்புறம் அங்கேருந்து வண்டி வரும், கடைசி வண்டியில கட்டை வரும். இவ்வளவுதான். சைக்கிள், பைக்கு, நடந்து போறவங்களுக்குக் கணக்கில்ல. நாலு சக்கரத்துக்கும் மாட்டு வண்டிக்கும்தான். வெள்ளைக்காரன் காலத்துலேருந்து இப்படித்தான் நடக்குது. ஒருத்தர் மேல ஒருத்தர் மோதினதா பேச்சே கிடையாது.

காலையில பத்தேகாலுக்குப் பால் வேன்காரன் கையில கட்டையைக் குடுத்து அனுப்பினேன். இப்ப மணி என்ன?

பன்னெண்டு ஆகப்போகுதா. வரும். வந்துடும்.

அங்க வண்டி எதுவும் இல்லன்னா கட்டை அங்கேயே கிடக்குமான்னு கேக்குறீங்க. நல்ல கேள்வி. அதுக்குத்தான் இந்தத் தண்டவாளத் துண்டு. கம்பியில தொங்குது பாருங்க. இந்த போல்ட்டால ரெண்டு தட்டு தட்டினா “இங்க வண்டி நிக்குது, கட்டையை அனுப்பு”ன்னு அர்த்தம். அங்கேயும் இதே மாதிரி ஒண்ணு தொங்குது. அவன் பதிலுக்கு ஒரு தட்டு தட்டணும். தட்டிட்டு, சைக்கிள்ல வர்றவன், நடந்து வர்றவன், யார் கையிலயாவது குடுத்து விடணும். விடாம தட்டினா ஆபத்து, வண்டிய விடாதேன்னு அர்த்தம். அது எப்பவாவதுதான்.

நீங்க வந்ததும் தட்டினேனே, கேட்டீங்கல்ல. பதில் வரலை.

நீங்க வர்றதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவை தட்டினேன். வண்டி ஒண்ணும் நிக்கலை. சும்மாதான் தட்டினேன்.

உக்காருங்க. நாற்காலி ஒண்ணுதான், நீங்க உக்காருங்க. எனக்கு நின்னு பழக்கம்.

படம் எடுக்க வந்தீங்களா? இப்ப அதுக்குத்தான் நிறைய பேர் வர்றாங்க. கல்யாணப் பொண்ணையும் மாப்பிள்ளையையும் நடுப்பாலத்துல நிக்க வச்சு எடுக்குறாங்க. என்னைய “பெரியவரே, கொஞ்சம் தள்ளிக்குங்க”ங்குறான். தள்ளிக்குவேன். பதினாலு கண் பாலம் சார். அந்தத் தூண்ல கல்வெட்டு இருக்கு. வருஷம் தப்பாம பெயிண்ட் அடிச்சு அடிச்சு எழுத்து தூர்ந்து போச்சு. கிழக்கால வெள்ளையா தெரியுது பாருங்க, அதுதான் புதுப் பாலம். தை மாசம் திறக்குறாங்க. எதிர் எதிரா ரெண்டு லாரி தாராளமா போகலாம். கட்டையும் வேண்டாம், ஆளும் வேண்டாம். இதுல அப்புறம் நடக்குறவங்க மட்டும்தானாம்.

இங்கேருந்து பாத்தா அந்தக் கரை தெரியாது. எட்டிப் பாக்காதீங்க. பாலம் நடுவுல முதுகு மாதிரி லேசா தூக்கியிருக்கும். அதைத் தாண்டினா ரோடு திரும்பி மூங்கில் கொத்துக்குப் பின்னால போயிடும். அவன் ஷெட்டு அங்க இருக்கு.

அவன் பேரு சவரிமுத்து. வடகரைக்காரன். எனக்கு ஒரு வயசு சின்னவன். நான் பக்கிரிசாமி. ரெண்டு பேரும் ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்தோம். இருபத்தேழு வருஷம் ஆச்சு. அவன் அந்த முனை, நான் இந்த முனை.

பேசி பதினோரு வருஷம் ஆச்சு.

அதெல்லாம் எதுக்கு உங்களுக்கு. இந்த டிரைவருங்க இருக்கானுங்களே, அவனுங்க வாய் சும்மா இருக்காது. கட்டையை நீட்டுனா, “என்னாண்ணே, அந்தப் பக்கத்துக்கு ஏதாச்சும் சொல்லணுமா? இல்ல, கட்டைக்கு முத்தம் குடுத்து அனுப்புறீங்களா?”ன்னு கேப்பான். செங்கல் லாரிக்காரன் ஒருத்தன் இருக்கான், அவன் சொல்றான், “உங்க ரெண்டு பேருக்கும் பொறந்த புள்ளைண்ணே இது. ஒரு நாளைக்கு இருபது தடவை அம்மா வீட்டுக்கும் அப்பா வீட்டுக்கும் நடக்குது.” நான் அவனை அரை மணி நேரம் நிறுத்தி வச்சேன்.

ஆபீஸ்ல ரெண்டு பேருக்கும் போன் குடுத்தாங்க. கட்டையெல்லாம் பழைய காலம், போன்ல பேசி வண்டி விடுங்கன்னாங்க. நான் முடியாதுன்னுட்டேன். போன்ல அவன் ஒண்ணு சொல்லுவான், எனக்கு ஒண்ணு கேக்கும். கட்டை கையில இருந்தா இருக்கு, இல்லன்னா இல்ல. அதுல பேச்சே கிடையாது. அந்தப் பக்கம் அவனும் முடியாதுன்னுட்டானாம். அந்த ஒரு விஷயத்துல மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே வாய்.

இருங்க. ஏதோ சத்தம்.

இல்ல. காத்து.

அவன் பொடி போடுறவன் சார். மூக்குப்பொடி. கையெல்லாம் பொடி. அந்தக் கையாலதான் கட்டையை எடுப்பான். இங்க வரும்போது அந்த நாத்தம் அடிக்கும். இருபத்தேழு வருஷமா நான் கட்டையை வேட்டியில துடைச்சிட்டுத்தான் ஆணியில மாட்டுவேன். அதைப் பத்தி ஆபீஸ்லகூட ஒரு தடவை சொன்னேன், சிரிச்சானுங்க. இப்ப நாலு நாளா நாத்தம் இல்ல. முதல் நாள் எனக்குச் சளி புடிச்சிருக்குன்னு நெனச்சேன். ரெண்டாம் நாள் மூக்குகிட்ட வச்சு நல்லா இழுத்துப் பாத்தேன். வெறும் மர வாசனை. மூணாம் நாளும் அப்படித்தான். இன்னிக்குக் காலையில கட்டையோட வந்த மணல் வண்டிக்காரன், “என்னாண்ணே, கட்டையை மோந்து மோந்து பாக்குற?”ங்குறான். ஒண்ணுமில்லடா போன்னேன்.

பொடியை விட்டுட்டானோ என்னவோ. டாக்டரு விடச் சொல்லியிருக்கலாம். அவன் தட்டுறதும் இப்பல்லாம் ஒரு மாதிரிதான் இருக்கு. முன்னெல்லாம் அவன் தட்டினா கொக்கெல்லாம் எந்திரிச்சுப் பறக்கும். இப்ப பல்லி சொல்ற மாதிரி ஒரு சத்தம்.

இன்னொரு தடவை தட்டுறேன். காதைப் பொத்திக்குங்க.

கேக்குதா உங்களுக்கு? உங்களுக்கு வயசு கம்மி, காது நல்லாயிருக்கும். பதில் வந்துச்சா?

வேணும்னுட்டு பண்றான் சார். எனக்குத் தெரியும். அப்புறம் கேட்டா, “கேக்கலை”ம்பான். பாருங்க, அப்படித்தான் சொல்லுவான். கேக்கலைன்னு.

அவன் மேல எனக்கு என்ன கோபம்னு நீங்க கேக்கலை. இருந்தாலும் சொல்றேன். கட்டை வர்ற வரைக்கும் என்ன பண்றது?

பதினோரு வருஷம் முன்னாடி, ஐப்பசி மாசம். எட்டு நாளா மழை. மேட்டூர் நிரம்பிப்போச்சு, முக்கொம்புல வர்ற தண்ணியெல்லாம் கொள்ளிடத்துக்குத் திருப்பிட்டாங்க. கரைக்குக் கரை தண்ணி. ஆத்துல முழு தென்னைமரம் போகும், கூரை போகும், ஒரு நாள் வைக்கோல் போரு ஒண்ணு அப்படியே மேல ஒரு கோழியோட போச்சு. அந்த மூணாவது தூண்ல ஒரு மஞ்சக் கோடு இருக்கு, தெரியுதா? தண்ணி அந்தக் கோட்டைத் தொட்டா வண்டி விடக் கூடாது. அதைப் பாக்குறது என் வேலை. அன்னிக்குச் சாயங்காலம் நாலரை மணிக்குத் தண்ணி கோட்டுக்கு ஒரு முழம் கீழ ஓடுது. கட்டை என் கையில. பஸ்ஸு வந்து நிக்குது. நாப்பத்திரண்டு பேரு. தனபால்னு டிரைவர். நான் என்ன பண்ணணும் சொல்லுங்க? தண்ணி கோட்டைத் தொடலை, கட்டை என் கையில இருக்கு. அனுப்பினேன்.

பஸ்ஸு அஞ்சாங்கண்ணுக்குப் போயிருக்கும். எதுத்தாப்புல இவன் ஓடி வர்றான். தலையில சாக்கைப் போட்டுக்கிட்டு, கையில சிவப்புத் துண்டை ஆட்டிக்கிட்டு. கட்டை இல்லாம. வடகரையை அம்போன்னு விட்டுட்டு. பஸ்ஸுக்கு முன்னாடி வந்து நின்னுட்டான். தனபால் பிரேக் போட்டதுல உள்ள இருந்த சனம் எல்லாம் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து கூச்சல். பஸ்ஸைப் பின்னாலேயே எடுக்க வச்சு, அதுக்கு முன்னால துண்டை ஆட்டிக்கிட்டே இந்த முனை வரைக்கும் நடந்தே வந்தான்.

பாலம் ஆடுதுன்னான். இந்தக் கைப்பிடிக் கம்பி இருக்கு பாருங்க, நாங்க இதுல காதை வச்சுக் கேப்போம். வண்டி ஏறினா அரை மைலுக்கு அந்தப் பக்கமே தெரியும். அவன் காதை வச்சிருக்கான். வண்டிச் சத்தம் இல்லாத வேற ஒரு சத்தம் கேட்டுச்சாம். இரும்பு உறுமுதுன்னான்.

பாலம் விழுந்துச்சா? விழலையே. அதோ நிக்குது பாருங்க. பதினோரு வருஷமா நிக்குது. மறுநாள் இன்ஜினியர் வந்து பாத்தாரு. எட்டாங்கண்ணுல தூணுக்கு மேல இருக்குற தகடு ரெண்டு அங்குலம் நகர்ந்திருக்குன்னாரு. பஸ்ஸு போயிருந்தா என்ன ஆயிருக்கும் சார்னு நானே கேட்டேன். “தாங்கியிருக்கலாம், தாங்காமலும் போயிருக்கலாம்”னாரு. படிச்சவரு சொல்ற பதிலா இது?

யாரோ வர்றாங்க. சைக்கிள். ஐஸ் பெட்டிக்காரன். அங்கேருந்துதான் வர்றான். கட்டை வச்சிருக்கானா பாருங்க. கேரியர்ல பாருங்க.

இல்லையா.

நீங்க கேளுங்க சார். வடகரையில ஆள் இருக்காரான்னு கேளுங்க. நான் கேட்டா ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரிவான், பக்கிரிசாமி விசாரிச்சாருன்னு. ஏய், நில்லுப்பா. சாரு உங்கிட்ட ஏதோ கேக்கணுமாம். நின்னு பதில் சொல்லிட்டுப் போ.

என்ன? நாற்காலி இருக்கு, ஆள் இல்லையா? கட்டை? ஆணியில தொங்குதா? நல்லாப் பாத்தியா? தொங்குறதைப் பாத்தியே, பக்கத்துல போய்ப் பாத்தியா? உள்ள எட்டிப் பாத்தியா? நீ என்னத்தைப் பாத்த. ஐஸ் உருகிடும்னு மிதிச்சிருப்ப. போ. போப்பா.

கட்டை ஆணியில தொங்குதாம். அப்ப கட்டை பத்திரமா இருக்கு.

டீ குடிக்கப் போயிருப்பான். இல்ல, அவன் போக மாட்டான். முனையை விட்டு நகர மாட்டான். அதுல அவனைக் குறை சொல்ல முடியாது. அந்த ஒரு நாள்தான்.

எங்க விட்டேன்? ஆமா. இந்த முனைக்கு வந்தான். மழை கொட்டுது. பஸ்ஸுலேருந்து சனம் இறங்கி நிக்குது. எல்லாருக்கும் எதிர்ல என்கிட்ட வந்து, “மாப்ள, தட்டினேனேடா”ன்னான். அப்பல்லாம் நாங்க மாப்ள, மாப்ளன்னுதான் கூப்பிட்டுக்குவோம். அவ்வளவுதான் சொன்னான். அதுக்கு நான், “கட்டை இல்லாம பாலத்துல எப்படிடா கால வச்ச?”ன்னு கேட்டேன். அவன் துண்டைப் பிழிஞ்சான். பிழிஞ்சுட்டு அப்படியே திரும்பிப் பாலத்துல நடந்து போயிட்டான்.

கடைசியாப் பேசினது அதுதான்.

பேப்பர்ல அவன் படம் போட்டாங்க. நாப்பத்திரண்டு உயிரைக் காப்பாத்துனவன்னு. அப்படின்னா நான் யாரு? நாப்பத்திரண்டு பேரைக் கொல்லப் பாத்தவனா? தண்ணி கோட்டுக்கு ஒரு சாண் கீழ இருக்கு சார். அதை எவன் எழுதுனான்?

விசாரணை வச்சாங்க. என்கிட்ட ரெண்டே கேள்வி. வடகரைக்காரன் பாலத்துல வந்தப்ப அவன் கையில கட்டை இருந்துச்சான்னாங்க. இல்லன்னேன். அவன் ஆபத்துன்னு தட்டினதா சொல்றானே, கேட்டுச்சான்னாங்க. மழையில கேக்கலைன்னேன். அப்படியே எழுதி வாங்கிக்கிட்டாங்க. நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லலை. முனையை விட்டுட்டு வந்தது தப்புன்னு அவன் பேருல எழுதிட்டாங்க. அடுத்த வருஷம் என்னைய நிரந்தரம் பண்ணினாங்க. அவனைப் பண்ணலை. இன்னிக்கு வரைக்கும் அவன் தினக்கூலிதான். அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? நானா ஆர்டர் போட்டேன்?

என் பொண்ணு அந்த பஸ்ல இருந்தா சார்.

ஆமா. என் சொந்தப் பொண்ணு, அரசி. பதினஞ்சு வயசு அப்ப. மழைன்னு பள்ளிக்கூடம் விட்டுட்டாங்க. சவரிமுத்து சம்சாரம் லூர்துமேரிகிட்ட தையல் கத்துக்கிட்டிருந்தா. லீவுன்னா அங்கதான் ஓடுவா. பின்பக்கமா ஏறியிருக்கா, நான் பாக்கலை. பஸ்ஸு திரும்பி வந்தப்புறம்தான் பாத்தேன், முழங்கையில சிராய்ப்போட இறங்குறா. அவளே சொல்லுவா, “அப்பாவுக்குத் தெரியாது, நான் பின்னால ஏறினேன்”னு. தெரிஞ்சு எந்த அப்பனாவது அனுப்புவானா? ஆபத்துன்னு தெரிஞ்சிருந்தா அனுப்பியிருப்பேனா? இதை ஒருத்தனும் யோசிக்க மாட்டான்.

அவ கல்யாணத்துக்கு நான் வடகரைக்குப் பத்திரிகை வைக்கலை. அவளே பாலத்துல நடந்து போய் வச்சுட்டு வந்துட்டா. “சவரி மாமா வந்தா வாசல்ல நின்னு கூப்பிடுங்கப்பா”ங்குறா. அவன் வரலை. முனையை யாரு பாத்துக்குறது? கல்யாணத்தன்னிக்கு நானும் காலையில ஒரு மணி நேரம் இங்க வந்துட்டுத்தான் மண்டபத்துக்குப் போனேன். அப்ப கட்டை வந்துச்சு. சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவுல ரெண்டு முழம் மல்லிகைப்பூவைச் சுத்திக் கட்டியிருக்கான். ஈரத் துணியில வச்சு. பூவுலயும் பொடி நாத்தம். அவுத்து ஆத்துல போட்டேன்.

போடலை. அவகிட்ட குடுத்தேன். அன்னிக்குத் தலையில அதைத்தான் வச்சிருந்தா.

மூணு வருஷத்துக்கு முன்னாடி லூர்துமேரி போயிட்டா. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலேருந்து வேன்ல கொண்டாந்தாங்க, இந்த வழியாத்தான். கட்டை என் கையில இருந்துச்சு. பின்னால நாலு வண்டி நின்னுச்சு, எல்லாத்தையும் நிறுத்திட்டு அந்த வேனை மட்டும் தனியா விட்டேன். கட்டையை வேன்காரன்கிட்ட குடுத்தேன். நாற்காலியை விட்டு எந்திரிச்சு நின்னேன். வேற என்ன செய்யணும்? கட்டையில எதைக் கட்டி அனுப்புறது? யோசிச்சேன். ஒண்ணும் தோணலை. சும்மாதான் அனுப்பினேன். அதுக்கப்புறம் அவன் அந்த ஷெட்டுலயேதான் இருக்கான், வீட்டுக்குப் போறதில்லையாம். அரசி சொன்னா.

மணி என்ன ஆகுது?

போன் பண்ணுங்கன்னா? அவன் நம்பர் என்கிட்ட ஏது. நான் எதுக்கு வச்சுக்கணும்.

உங்க போனை எடுங்க. நான் சொல்றேன், போடுங்க. என் போன்லேருந்து அடிச்சா என் பேரைப் பாத்துட்டு எடுக்க மாட்டான். ஒம்பது, நாலு, நாலு, மூணு. ரெண்டு சைபர். அப்புறம் ஏழு, ஒண்ணு, ஒண்ணு, எட்டு. அடிக்குதா?

அடிக்குதா சார்?

முழுசா அடிக்கட்டும். இடையில நிறுத்தாதீங்க.

எடுக்கலையா. இன்னொரு தடவை போடுங்க.

கொஞ்சம் தள்ளுங்க, இந்தக் கம்பியில காதை வைக்கிறேன். அங்க எவனாவது பாலத்துல கால வச்சாலே ஒரு கிசுகிசுப்பு வரும். நடக்குற சத்தம் வேற, சைக்கிள் வேற. அவன் நடையை நான் தனியா சொல்லிடுவேன், வலது காலைக் கொஞ்சம் இழுப்பான். காலையில சாப்பிட்டுட்டு இந்தப் பாலத்துல பத்து அடி வந்து எச்சிக் கையைக் கழுவிட்டுத் திரும்புவான். தினம். ஒம்பது மணிக்கு. நான் அப்ப கம்பியில சாய்ஞ்சுக்கிட்டு நிப்பேன், சும்மா.

இன்னிக்குக் கேக்கலை.

தண்ணி ஓடுற சத்தம்தான் வருது.

ரெண்டாவது தடவையும் எடுக்கலையா.

அன்னிக்கு அவனும் இப்படித்தானே நின்னிருப்பான். மழையில. இங்க நான் பதில் சொல்லலை. திருப்பித் திருப்பித் தட்டியிருக்கான். இந்தப் பக்கம் தனபால் ஆக்சிலேட்டரை மிதிச்சுக்கிட்டு, “வடகரைக்காரன் தட்டினா நீ பூட்டிடுவியா? அவன் என்ன உனக்கு மேஸ்திரியா?”ன்னு கேக்குறான். பஸ்ஸுல பாதி பேரு சிரிக்கிறான். கட்டை என் கையில இருக்கு. கட்டை யாரு கையில இருக்கோ அவன்தான் முடிவு பண்ணணும், அதுதானே சட்டம்? தண்ணி கோட்டுக்கு நாலு விரல் கீழ இருக்கு. இவன் அங்கேருந்து விடாம தட்டுறான். இருபத்தாறு தட்டு சார். எண்ணிக்கிட்டேதான் சங்கிலிய அவுத்தேன்.

என்ன அப்படிப் பாக்குறீங்க?

மழைன்னு சொன்னேன். மழைதான். நான் இல்லன்னு சொல்லலையே.

உங்க சீட்டு மேல ஒரு துண்டு போட்டிருக்கீங்களே, அது சிவப்புதானே? குடுங்க. அழுக்கானா ஆகட்டும், துவைச்சுத் தர்றேன். நான் பாதி தூரத்துல இருக்கும்போது அங்கேருந்து எவனாவது கட்டையை அவனே எடுத்துக்கிட்டு வண்டிய விட்டான்னா, பன்னெண்டு அடியில நான் எங்க ஒதுங்குறது? இதை ஆட்டினா நிறுத்துவான்.

நீங்க இந்தச் சங்கிலிகிட்ட நில்லுங்க. பன்னெண்டரைக்குக் கும்பகோணம் பஸ்ஸு வரும், கண்டக்டர் கத்துவான். விடாதீங்க. பக்கிரிசாமி எங்கன்னு கேட்டா பாலத்துல போயிருக்கான்னு சொல்லுங்க. ஆபீஸ்லேருந்து ஜீப்பு வந்தாலும் வரும். இப்ப புதுப் பாலத்தைப் பாக்க அடிக்கடி வர்றாங்க. கையில கட்டை இருந்துச்சான்னு கேட்டா, இல்லன்னு சொல்லுங்க. பயப்படாதீங்க. உண்மை அதுதானே. நானும் அதைத்தான் சொன்னேன்.

செருப்பைக் கழட்டிடுறேன். தகட்டுல வழுக்கும், ஓட முடியாது.

அங்க போய்ச் சேர்ந்ததும் நான் தட்டுறேன். ஒரே ஒரு தட்டு கேட்டா ஒண்ணுமில்ல, அவன் நல்லாயிருக்கான், கட்டை வந்துடும், உக்காந்திருங்க. விடாம தட்டினா சங்கிலிய அவுத்துட்டு வண்டிய எடுத்துக்கிட்டு வந்துடுங்க. கட்டை வேண்டாம். எண்ணிக்கிட்டு நிக்காதீங்க சார்.